புரதத்தின் வடிவத்தைப் படித்து அதன் வேலையை அறிவது எப்படி: முதன்முறை முயல்வோருக்கான வழிகாட்டி

புரதத்தின் நால்வகை அமைப்பு நிலைகளைப் பாடநூலில் நன்றாகப் படித்தவர்கள்கூட, உண்மையான ஒரு புரதத்தின் கட்டமைப்புக் கோப்பை, அதாவது அதன் அணுக்கள் எங்கெங்கே நிற்கின்றன என்ற பட்டியலை, முதன்முதலில் திறக்கும்போது எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றுவிடுகிறார்கள். திரையில் வண்ண நாடாக்கள் சுழலும். அந்த நாடாக்களில் எது அளந்து அறியப்பட்டது, எது ஊகிக்கப்பட்டது, எது விடுபட்டுப் போயிற்று என்று படம் சொல்லாது. இங்கே நான் எழுதியிருப்பவை அனைத்தும் பொதுவெளியில் கிடைப்பவையே என்றாலும், அவை கோப்பு விளக்கங்களிலும் மென்பொருள் கையேடுகளிலும் ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணைகளிலுமாகச் சிதறிக் கிடப்பதால், அவற்றைச் சேர்த்துப் புரிந்துகொள்ள எனக்குப் பல மாதங்கள் பிடித்தன. அந்தக் காலம் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் மனித ஹீமோகுளோபினையே முழுக்கப் பயன்படுத்துகிறேன். உங்கள் புரதம் வேறாக இருந்தாலும் படிகள் மாறா.

1. செலவையும் நேரத்தையும் முதலில் கணக்கிடுங்கள்

தரவுகளுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. புரதத் தரவு வங்கி, அதாவது பி.டி.பி., 1971 முதல் இயங்கிவரும் பொதுக் களஞ்சியம். அதிலுள்ள இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டமைப்புகளை யாரும் பதிவு செய்துகொள்ளாமலே இறக்கிக்கொள்ளலாம். செலவு வரக்கூடிய இடங்கள் இரண்டே. ஒன்று, கட்டமைப்பை விவரிக்கும் ஆய்வுக் கட்டுரை கட்டணச் சுவருக்குள் இருப்பது. அப்போது பணம் கட்டுவதற்கு முன் பப்மெட் சென்ட்ரல் என்னும் கட்டுரைக் களஞ்சியத்தில் இலவசப் படி இருக்கிறதா என்று தேடுங்கள். மற்றொன்று, மென்பொருள் உரிமம். அதை ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

நேரத்தைப் பொறுத்தவரை, முதல் புரதத்துக்கு ஒரு வாரத்தின் மாலைப்பொழுதுகளை ஒதுக்குங்கள். அதில் பாதிக்கு மேல் படம் பார்ப்பதற்கு முன்பே போய்விடும். அப்படிப் போவதுதான் சரி. இரண்டாவது புரதத்துக்கு ஒரே நாள் போதும்.

2. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"ஹீமோகுளோபினின் அமைப்பைப் பார்க்க வேண்டும்" என்பது கேள்வி ஆகாது. "ஆக்சிஜன் சேரும்போது ஹீமோகுளோபினில் எந்தப் பகுதி எவ்வளவு நகர்கிறது?" என்பது கேள்வி. "அரிவாள் செல் சோகையில் மாறும் ஒரே ஓர் அமினோ அமிலம் ஏன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று ஒட்டச் செய்கிறது?" என்பதும் கேள்வி. இவ்விரண்டுக்கும் வெவ்வேறு கோப்புகள் தேவை. கேள்வி இல்லாமல் கோப்பை இறக்கியவர், மணிக்கணக்கில் மூலக்கூறைச் சுழற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் அறியாமல் எழுந்துபோவார்.

3. அடையாளப் பக்கத்தை எடுத்து, எண்முறையைச் சரிசெய்யுங்கள்

யூனிப்ராட் தரவுத்தளத்தில் உங்கள் புரதத்தைத் தேடி, வல்லுநர்கள் சரிபார்த்த பதிவையே எடுங்கள். கணினி தானாகச் சேர்த்த, சரிபார்க்கப்படாத பதிவுகளும் அதே பட்டியலில் வரும். உயிரினத்தின் பெயரையும் பாருங்கள், ஏனெனில் குதிரை ஹீமோகுளோபினும் மனித ஹீமோகுளோபினும் அருகருகே தோன்றும். மனித ஹீமோகுளோபினுக்கு இரண்டு பதிவுகள் வேண்டும்: ஆல்ஃபா சங்கிலிக்குப் பி69905, பீட்டா சங்கிலிக்குப் பி68871.

இந்தப் படியில்தான் மிகப் பரவலான பொறி இருக்கிறது. அரிவாள் செல் சோகையில் பீட்டா சங்கிலியின் 6-ஆம் இடத்திலுள்ள குளூட்டாமிக் அமிலம் வாலினாக மாறுகிறது என்று நூல்கள் சொல்லும். யூனிப்ராட் பதிவிலோ அது 7-ஆம் இடம். இரண்டும் சரியே. மரபணுவின்படி சங்கிலி மெத்தியோனினில் தொடங்குகிறது. முதிர்ந்த புரதத்தில் அந்த மெத்தியோனின் வெட்டப்பட்டுவிடுகிறது. பழைய எண்முறை முதிர்ந்த சங்கிலியிலிருந்து எண்ணுகிறது, தரவுத்தளம் மரபணுவிலிருந்து எண்ணுகிறது. ஹீமோகுளோபினில் ஒரே ஓர் எண்தான் வேறுபாடு. இன்சுலினில் நிலைமை இன்னும் கடினமானது: மரபணு குறிப்பது 110 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி, இரத்தத்தில் வேலை செய்யும் இன்சுலினில் இருப்பவை 51 மட்டுமே.

போதாததற்கு, ஒரே கட்டமைப்புக் கோப்புக்குள்ளும் இரண்டு எண்முறைகள் உண்டு. ஆய்வாளர் கொடுத்த எண் ஒன்று, கோப்பு தானாக வரிசைப்படுத்திய எண் மற்றொன்று. திரையில் காட்டப்படுவது எது என்று மென்பொருளின் அமைப்பைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். யூனிப்ராட் எண்ணையும் கட்டமைப்பு எண்ணையும் பொருத்திக் காட்டும் சிஃப்ட்ஸ் என்னும் அட்டவணை இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் கேள்விக்கு முக்கியமான ஐந்தாறு அமினோ அமிலங்களுக்கு மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு வரும் குழப்பங்களில் பெரும்பகுதி இந்தத் தாளால் தீரும்.

4. சரியான கட்டமைப்பைத் தேர்ந்தெடுத்து, நான்கு ஆவணங்களைச் சேருங்கள்

ஒரே புரதத்துக்கு நூற்றுக்கணக்கான பதிவுகள் இருக்கலாம். தேடலில் முதலில் வருவதையோ, நூல்களில் அதிகம் பேசப்படுவதையோ எடுக்காதீர்கள். ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபினுக்கு எல்லோரும் காட்டுவது 4எச்எச்பி என்னும் பதிவு. 1984-இல் வெளியானது, அதன் பிரிதிறன், அதாவது எவ்வளவு நுண்ணிய விவரம் தெரிகிறது என்னும் அளவு, 1.74 ஆங்ஸ்ட்ராம் (எண் சிறிதானால் விவரம் அதிகம்; ஆறாம் படியில் விரித்துச் சொல்கிறேன்). ஆனால் 2006-இல் வெளியான 2டிஎன்2 பதிவு அதே நிலையை 1.25 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறனில் காட்டுகிறது. ஆக்சிஜன் சேர்ந்த நிலைக்கு அதன் இணையான பதிவு 2டிஎன்1. அணுக்களுக்கு இடையிலான தூரத்தை அளக்கப்போகிறவருக்குப் புதியவையே ஏற்றவை. அரிவாள் செல் கேள்விக்கோ 2எச்பிஎஸ் வேண்டும். மாறிய ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று தொட்டு நிற்பதை அதில்தான் காணலாம்.

தேர்வு செய்யும்போது பார்க்க வேண்டியவை: எந்த உயிரினம், எந்த நிலை, எந்தச் சிறு மூலக்கூறு உடன் இருக்கிறது, ஆய்வாளர்கள் வேண்டுமென்றே ஏதேனும் அமினோ அமிலத்தை மாற்றியிருக்கிறார்களா, சங்கிலியின் எந்தப் பகுதி மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது. புரதத்தைத் தூய்மைப்படுத்துவதற்காக நுனியில் சேர்க்கப்படும் ஆறு ஹிஸ்டிடின்களை இயற்கையான பகுதி என்று எண்ணிவிடாதீர்கள்.

தேர்ந்தெடுத்தபின் நான்கு ஆவணங்களை ஒரே கோப்புறையில் சேருங்கள்: கட்டமைப்புக் கோப்பு, சரிபார்ப்பு அறிக்கை (கட்டமைப்பின் தரத்தைச் சொல்வது), எலக்ட்ரான் அடர்த்தி வரைபடம் (அணுக்களை எங்கே வைப்பது என்று காட்டும் அளந்த தரவின் படம்), மூல ஆய்வுக் கட்டுரை. கட்டமைப்புக் கோப்பை எம்எம்சிஐஎஃப் என்னும் புதிய கோப்பு வடிவத்தில் இறக்குங்கள். பழைய பி.டி.பி. வடிவத்தில் 99,999 அணுக்களுக்கு மேல் இடமில்லை. ரைபோசோம் போன்ற பெரிய தொகுப்புகள் அதில் அடங்கா. சரிபார்ப்பு அறிக்கையைப் பலர் இறக்குவதே இல்லை. நான்கில் அதுவே முதலில் படிக்க வேண்டியது.

இதே படியில் இன்னொரு பொறியும் உண்டு. புரதத்தைப் படிகமாக்கி, எக்ஸ்-கதிர் செலுத்தி அளந்து பெற்ற கோப்பில் இயல்பாக இருப்பது சமச்சீரற்ற அலகு, அதாவது படிகத்தைத் திரும்பத் திரும்ப அடுக்கிக் கட்டுவதற்குப் போதுமான மிகச் சிறிய பகுதி. அது உயிரணுவில் வேலை செய்யும் மூலக்கூறாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆக்சிஜன் சேர்ந்த ஹீமோகுளோபினின் பழைய பதிவான 1எச்எச்ஓ கோப்பைத் திறந்தால் ஓர் ஆல்ஃபாவும் ஒரு பீட்டாவும் மட்டுமே தெரியும். ஹீமோகுளோபினுக்கு இரண்டு சங்கிலிகள்தாம் என்று புதியவர் முடிவுகட்டிவிடக்கூடும். மற்ற பாதி, சமச்சீர் விதியின்படி உருவாக்கிக்கொள்ள வேண்டியது. எனவே இறக்கும்போதே "உயிரியல் தொகுப்பு" என்ற கோப்பைக் கேளுங்கள். மறுபுறம், சில பதிவுகளில் சமச்சீரற்ற அலகுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட முழு மூலக்கூறுகள் இருக்கும். 2எச்பிஎஸ் பதிவில் இரண்டு முழு ஹீமோகுளோபின்கள், அதாவது எட்டுச் சங்கிலிகள் உள்ளன.

5. மென்பொருள்

நிறுவாமலே பார்க்க வேண்டுமானால், பி.டி.பி. பக்கத்திலேயே உலாவிக்குள் இயங்கும் மோல்ஸ்டார் போதும். தூரம் அளப்பது, இரண்டு கட்டமைப்புகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்துவது, நல்ல படம் எடுப்பது ஆகியவற்றுக்குக் கைமெராஎக்ஸ் வசதியானது. வணிகமல்லாத பயன்பாட்டுக்கு அது இலவசம். பைமால் பரவலாகப் பயன்படுவது; ஆனால் அதன் நிறுவன வெளியீட்டுக்கு உரிமக் கட்டணம் உண்டு, மாணவருக்கான இலவச உரிமம் படிப்புக்கு மட்டுமே, ஆய்வு வெளியீட்டுக்குச் செல்லாது. பைமாலின் திறமூல நிரலை நீங்களே நிறுவிக்கொள்ளத் தடையில்லை. உரிம வாசகத்தைப் படித்துவிட்டு நிறுவுங்கள். ஹீமோகுளோபின் அளவுள்ள புரதத்துக்குச் சாதாரண மடிக்கணினியே போதும்.

6. படத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் தரத்தைப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்களே மிகுதி. ஆகவே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதலில் பிரிதிறன். ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. இரண்டு கார்பன் அணுக்களின் ஒற்றைப் பிணைப்பு நீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம். பிரிதிறன் எண் சிறிதாக இருந்தால் விவரம் அதிகம். 2 ஆங்ஸ்ட்ராமில் பக்கச் சங்கிலிகளின், அதாவது ஒவ்வோர் அமினோ அமிலத்திலிருந்தும் வெளியே நீளும் பகுதிகளின், திசையும் நீர் மூலக்கூறுகள் பலவும் நம்பத்தக்கவை. 3 ஆங்ஸ்ட்ராமில் அமினோ அமிலங்களைக் கோத்து ஓடும் முதன்மைச் சங்கிலியின் போக்கை நம்பலாம், பக்கச் சங்கிலிகளின் நுனிகளை எச்சரிக்கையுடன்தான் கொள்ள வேண்டும். 4 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் போனால், சுருள்கள் எங்கே ஓடுகின்றன என்பதைத் தாண்டி எதையும் வலியுறுத்தாதீர்கள். அத்தகைய கோப்பில் ஹைட்ரஜன் பிணைப்பின் நீளத்தை இரண்டு தசம இடங்களுக்கு அளந்து எழுதுவதில் பொருளில்லை. மென்பொருள் எண்ணைக் காட்டும், தரவு அதைத் தாங்காது.

அடுத்து ஆர்-ஃப்ரீ. படிகத் தரவில் ஏறத்தாழ 5 விழுக்காட்டைக் கட்டமைப்பு மாதிரியைக் கட்டப் பயன்படுத்தாமல் ஒதுக்கி வைத்து, மாதிரி அதனோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் அளவு இது. 2 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறனுள்ள நல்ல கட்டமைப்பில் 0.20 முதல் 0.25 வரை இருக்கும். மாதிரி கட்டப் பயன்பட்ட தரவோடே ஒப்பிடும் வழக்கமான ஆர் மதிப்புக்கும் இதற்கும் இடைவெளி மிகப் பெரிதாக இருந்தால், மாதிரி தரவுக்கு மேல் வளைத்துப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று ஐயுறலாம். 1992-க்கு முந்தைய கட்டமைப்புகளுக்கு இந்த அளவைத் தேடாதீர்கள். அப்போது அது நடைமுறைக்கு வரவில்லை.

சரிபார்ப்பு அறிக்கையின் முதல் பக்கத்தில் சிவப்பிலிருந்து நீலம் வரை செல்லும் பட்டைகள் இருக்கும். நீலப் பக்கம் நல்லது. ஒவ்வொரு பட்டையிலும் இரண்டு குறிகள் உண்டு: ஒன்று களஞ்சியம் முழுவதோடும் ஒப்பிட்டது, மற்றொன்று ஒத்த பிரிதிறனுள்ள கட்டமைப்புகளோடு ஒப்பிட்டது. ஆனால் மொத்த மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல், உங்கள் கேள்விக்குரிய அமினோ அமிலங்கள் குறையுள்ளவற்றின் பட்டியலில் இருக்கின்றனவா என்று உள்பக்கங்களில் தேடுங்கள். மொத்தத்தில் சிறந்த கட்டமைப்பில், நீங்கள் பார்க்க வேண்டிய அந்த ஒரு வளைவு மட்டும் மோசமாக இருக்கலாம். மொத்தத்தில் சுமாரான கட்டமைப்பில் உங்கள் இடம் தெளிவாகவும் இருக்கலாம்.

பி-காரணி என்பது அணு எவ்வளவு அசைகிறது அல்லது அதன் இடம் எவ்வளவு உறுதியற்றது என்பதைக் குறிக்கிறது. எண் கூடினால் உறுதி குறைவு. மிக அதிகமாக அசையும் பகுதிகள் கோப்பில் இடம்பெறவே மாட்டா. நாடா நடுவில் அறுந்து, தள்ளி மீண்டும் தொடங்கினால் சங்கிலி அறுந்துவிட்டது என்று பொருளல்ல. இடையிலுள்ள பகுதி தரவில் தெரியவில்லை என்றே பொருள்.

சிறு மூலக்கூறுகளில்தான் அதிக விழிப்பு தேவை. படிகத்தை வளர்க்கச் சேர்த்த கிளிசரால், சல்ஃபேட், பாலிஎத்திலீன் கிளைக்கால் ஆகியவை புரதத்தின் குழிகளில் அமர்ந்திருக்கும். அவற்றை இயற்கையான துணை மூலக்கூறுகள் என்று கொள்ளக்கூடாது. நீங்கள் முக்கியமெனக் கருதும் சிறு மூலக்கூறைச் சுற்றி எலக்ட்ரான் அடர்த்தி உண்மையில் இருக்கிறதா என்று வரைபடத்தை ஏற்றிக் கண்ணால் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை இது.

7. வெளியிலிருந்து உள்ளே, பின்னர் தூரங்கள்

முதலில் சங்கிலிக்கு ஒரு நிறம் கொடுத்து எத்தனை சங்கிலிகள், எப்படித் தொடுகின்றன என்று பாருங்கள். ஹீமோகுளோபினில் 141 அமினோ அமிலங்கள் கொண்ட ஆல்ஃபா இரண்டு, 146 கொண்ட பீட்டா இரண்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஹீம், அதாவது ஆக்சிஜனைப் பிடிக்கும் இரும்பு அணுவை நடுவில் கொண்ட தட்டையான சிறு மூலக்கூறு. பிறகு நீர்வெறுக்கும் அமினோ அமிலங்களுக்கு ஒரு நிறமும் மின்னூட்டமுள்ளவற்றுக்கு மற்றொரு நிறமும் தாருங்கள். நீரில் கரையும் புரதத்தில் நீர்வெறுப்பவை பெரும்பாலும் உள்ளே ஒதுங்கியிருக்கும். வெளிப்பரப்பில் அவை திட்டாகத் தெரிந்தால், அங்கே வேறொரு சங்கிலியோ, சவ்வோ, சிறு மூலக்கூறோ ஒட்டும் வாய்ப்பு உண்டு.

அரிவாள் செல் கேள்விக்கான விடை இதிலேயே தெரிந்துவிடும். 2எச்பிஎஸ் கோப்பில் 6-ஆம் வாலின் புரதத்தின் வெளிப்பரப்பில் நிற்கிறது. மின்னூட்டமுள்ள குளூட்டாமிக் அமிலம் நீரை விரும்பி நின்ற இடம் அது. அடுத்த மூலக்கூறின் பீட்டா சங்கிலியில் 85-ஆம் ஃபினைல்அலனினும் 88-ஆம் லியூசினும் அமைந்த நீர்வெறுக்கும் குழி ஒன்று உண்டு. வாலின் அதற்குள் பொருந்திக்கொள்கிறது. ஆக்சிஜன் இழந்த நிலையில்தான் இந்தக் குழி பொருந்தும் வடிவில் இருக்கிறது. மூலக்கூறுகள் இழைகளாகக் கோத்துச் சிவப்பணுவை வளைப்பது ஆக்சிஜன் குறைந்த இடங்களில் நிகழ்வது ஏன் என்று இப்போது நீங்களே உங்கள் திரையைக் காட்டி விளக்க முடியும்.

ஆக்சிஜன் கேள்விக்கு அளவுகோல் வேண்டும். 2டிஎன்2 கோப்பில் ஹீமின் தளத்திலிருந்து இரும்பு அணு எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்தால், ஆல்ஃபாவில் 87-ஆம் ஹிஸ்டிடினும் பீட்டாவில் 92-ஆம் ஹிஸ்டிடினும் பிடித்திருக்கும் பக்கமாக அது ஏறத்தாழ 0.4 ஆங்ஸ்ட்ராம் தள்ளியிருப்பது தெரியும். ஆக்சிஜன் சேர்ந்தபின் இரும்பு தளத்துக்குள் வந்துவிடுகிறது. அந்தச் சிறு நகர்வு ஹிஸ்டிடினை இழுக்க, ஹிஸ்டிடின் தானிருக்கும் சுருளை இழுக்க, இறுதியில் ஓர் ஆல்ஃபா-பீட்டா இணை மற்றதைப் பார்க்க ஏறத்தாழ 15 பாகை சுழல்கிறது. இதைக் காண, இரண்டு கட்டமைப்புகளையும் முழுமையாக ஒன்றன்மேல் ஒன்று பொருத்தாதீர்கள். அப்படிச் செய்தால் வேறுபாடு எல்லா இடத்திலும் சிறிது சிறிதாகப் பரவி மறைந்துவிடும். ஓர் ஆல்ஃபா-பீட்டா இணையை மட்டும் பொருத்துங்கள். மற்ற இணை திரும்பி நிற்பது பளிச்சென்று தெரியும். உயிரியல் தொகுப்பை உருவாக்காமல் இதைச் செய்யவே முடியாது என்பதையும் கவனியுங்கள்.

தூரங்களைப் படிக்கச் சில அளவுகளை நினைவில் வையுங்கள். ஹைட்ரஜன் பிணைப்பில் ஹைட்ரஜன் அல்லாத இரண்டு அணுக்களுக்கு இடையே 2.7 முதல் 3.3 ஆங்ஸ்ட்ராம் வரை. எதிரெதிர் மின்னூட்டங்களின் உப்புப் பாலத்துக்கு 4-க்குள். இரண்டு கந்தக அணுக்களின் பாலத்துக்கு ஏறத்தாழ 2.05. எக்ஸ்-கதிர்க் கட்டமைப்புகளில் பெரும்பாலும் ஹைட்ரஜன் தெரியாது. திரையில் தெரியும் ஹைட்ரஜன்கள் மென்பொருள் சேர்த்தவையாக இருக்கலாம்.

8. அளந்த கட்டமைப்பு இல்லையென்றால்

அமினோ அமில வரிசையிலிருந்து வடிவத்தைக் கணிக்கும் நிரலான ஆல்ஃபாஃபோல்டின் தரவுத்தளத்தில் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணிப்பு மாதிரிகள் இலவசமாக உள்ளன. ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் பி.எல்.டி.டி.டி. என்ற நம்பக மதிப்பெண் உண்டு: 90-க்கு மேல் மிக நன்று, 70-க்கு மேல் முதன்மைச் சங்கிலியை நம்பலாம், 50-க்குக் கீழே அந்த வடிவத்தைப் பொருட்படுத்தக்கூடாது, அந்தப் பகுதிக்கு நிலையான வடிவமே இல்லாதிருக்கவும் கூடும். இந்த மதிப்பெண் கோப்பில் பி-காரணிக்குரிய இடத்தில் எழுதப்பட்டிருப்பதால் பெரிய குழப்பம் நேர்கிறது. பி-காரணியில் எண் கூடினால் உறுதி குறைவு, இங்கோ எண் கூடினால் உறுதி அதிகம். பழைய வண்ண அமைப்பை அப்படியே பயன்படுத்தினால் எல்லாம் தலைகீழாகத் தெரியும்.

இரண்டு பகுதிகளின் ஒப்பு நிலையை அறிய, உடன் தரப்படும் சீரமைப்புப் பிழை வரைபடத்தைப் பாருங்கள். தனித்தனியே உயர் மதிப்பெண் பெற்ற இரண்டு பகுதிகள், ஒன்றுக்கொன்று எங்கே நிற்கின்றன என்பது தெரியாமலே திரையில் அருகருகே வரையப்பட்டிருக்கலாம். மேலும், அந்தத் தரவுத்தளத்து ஹீமோகுளோபின் சங்கிலியின் மாதிரியில் ஹீம் இருக்காது. அதற்குரிய குழி மட்டும் காலியாக இருக்கும். ஆக்சிஜன் பற்றிய கேள்விக்கு அது உதவாது.

9. மற்ற மூலக்கூறுகளுக்கு

டி.என்.ஏ.வுக்கு மேற்கண்ட படிகளில் பெரும்பாலானவை பொருந்தும். சர்க்கரைச் சங்கிலிகளில் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு அலகுகளே தெரியும்; எஞ்சியவை அசைவதால் தரவில் இல்லை, புரதத்தில் உண்டு. கொழுப்புச் சவ்வு கோப்பில் வராது. சவ்வுப் புரதம் எந்த ஆழத்தில் அமர்கிறது என்பதைக் கணித்துத் தரும் தனித் தரவுத்தளங்களைப் பார்க்க வேண்டும்.

10. எழுதி வைக்க வேண்டியவை

படத்தோடு சேர்த்துப் பதிவு எண், பிரிதிறன், பயன்படுத்திய உயிரியல் தொகுப்பு, எண்முறை, மென்பொருளின் பதிப்பு, இறக்கிய நாள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். கட்டமைப்பைக் கண்டறிந்தவர்களின் கட்டுரையை மேற்கோளில் குறிப்பிடுவது கட்டாயம். ஒரு படிகத்தைப் பெறப் பல ஆண்டுகள் உழைத்தவர்களுக்கு நாம் செலுத்தும் குறைந்தபட்ச மரியாதை அது. களஞ்சியம் ஒவ்வொரு புதன்கிழமையும் புதுப்பிக்கப்படுகிறது; பழைய பதிவுகள் திருத்தப்படுவதும், வேறொன்றால் மாற்றப்படுவதும் உண்டு. 4எச்எச்பி பதிவே 1எச்எச்பி என்ற முந்தைய பதிவுக்கு மாற்றாக வந்ததுதான். ஆகவே சில மாதங்கள் கழித்து வேலையைத் தொடர்பவர், கோப்பை மீண்டும் திறப்பதற்கு முன் பதிவுப் பக்கத்தில் திருத்த வரலாற்றைப் பார்த்துவிட வேண்டும்.